ட்ரௌட் மீனுக்குப் பொரி

லொரெய்ன் கிழவி கூப்பிட்டபோது முகிலன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாணலி. சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் மெதுவாகத் துலக்கினான்.

"முக்கி, பண்ணையை வாங்க ஆள் வந்துவிட்டது" என்றாள் எடுத்த எடுப்பில். முகிலன் என்ற பெயரில் அவள் நாக்கு ஏறிய தூரம் அவ்வளவுதான். "வேட்டைக்காரர்கள் கிளப் ஒன்று. திங்கட்கிழமை கையெழுத்து. அதற்குமுன் ஈசலைக் கூட்டிக்கொண்டு வா. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நான் பேனாவைத் தொடமாட்டேன்."

ஈசல் என்றது எழிலரசியை. முகிலனின் மனைவி. போன வருஷம் மார்ச் மாதம், ஆபீஸ் மீட்டிங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் அப்புறம் கண் திறக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்திரண்டு வயது.

லொரெய்னுக்கு அது தெரியாது. முகிலன் சொல்லவில்லை.

"சனிக்கிழமை வர்றோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி போனை வைத்தான். வாணலியைத் துடைத்துக் கவிழ்க்கும்போதுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் ‘வீ’ என்பது உறைத்தது.

அந்தப் பண்ணையோடு அவர்களுக்கு உறவு ஏற்பட்ட கதை வேடிக்கையானது. ஃப்ரீமாண்டில் வாடகை அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எழில் மலைப் பண்ணை விளம்பரங்கள் படிப்பாள். வாங்கும் எண்ணம் கடுகளவும் கிடையாது. கட்டிலில் சப்பணம் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வரன் விளம்பரம் வாசிக்கிற குரலில் வாசிப்பாள்.

"மலைப் பண்ணை. நல்ல உயரம், சிவந்த நிறம். சொந்தமாக ட்ரௌட் ஓடை. மான் வேட்டை, காட்டுப்பன்னி வேட்டை உண்டு. கெழக்குப் பாத்த வாசல். குடும்பப் பாங்கான மணமகன் தேவை. ஜாதி தடையில்லை."

"கெழக்குப் பாத்த வாசல்னு போட்டிருக்கா?"

"போட்டோல வெயில் விழறத பாத்தா தெரியாதா? ஏனுங்க, இதப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா?"

பவானிக்காரி. மற்ற நேரங்களில் ‘டேய்’தான். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான் ‘ஏனுங்க’ வரும்.

"பாத்து? நீ முட்டைகூட சாப்பிட மாட்ட. மீன் புடிக்கப் போறியா, மான் சுடப் போறியா?"

"பொண்ணு பாக்கப் போறோம். பாத்தா கட்டிக்கணும்னு சட்டமா? போவோம், உக்காருவோம், குடுக்கறத சாப்பிடுவோம். கெளம்பறப்போ ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’னு சொல்லிட்டு வந்துருவோம். எங்கக்காவுக்கு வந்தவங்கல்லாம் அப்டித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

அடுத்த சனிக்கிழமையே அப்பாயின்ட்மெண்ட் வாங்கிவிட்டாள். ரெட்டிங் ஊரைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி ஏறி, கடைசியில் தார் போய் மண் ரோடு ஆனது. மண் ரோட்டின் குறுக்கே ஒரு இரும்பு கேட். மாடுகள் வெளியே போய்விடும், திறந்தவர் மூடவேண்டும் என்று போனிலேயே உத்தரவு. எழில் குதித்து இறங்கிச் சங்கிலியைக் கழற்றினாள். முகிலன் காரை உள்ளே விட்டான். அவள் கேட்டைச் சாத்திவிட்டு ஓடிவந்து, காரின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்! போலாம்!" என்றாள். டவுன் பஸ் கண்டக்டர் தோற்றான்.

லொரெய்ன் வாசலில் பைனாகுலரோடு நின்றிருந்தாள். எழுபது தாண்டிய உடம்பு, ஜீன்ஸ், ஒரு பக்கம் இழுத்து நடக்கிற இடுப்பு. கணவன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வரவேற்பறைச் சுவர் முழுக்க மான் தலைகள். ஏறும்போதே தூறலில் நனைந்திருந்த எழில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவைப் பெரிய கலைமான் கொம்பில் காயப்போட்டாள். கிழவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகிலனுக்கு உயிர் போனது.

"முப்பது வருஷமாக அந்தத் தலை அங்கே சும்மா இருந்தது" என்றாள் லொரெய்ன். "இன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது."

மேய்ச்சல் காட்டைக் காட்டும்போது, "ஒரு மாடு எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டாள் எழில்.

"இவை கறிக்கு வளர்க்கிற மாடுகள், ஹனி."

"ஓ. அப்ப காலைல காபிக்கு?"

லொரெய்ன் முகிலனைப் பார்த்தாள். முகிலன் மலையைப் பார்த்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது எழில் கிழவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஊர் வழக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள். "வீ வில் கோ அண்ட் கம்."

"எப்போது?" என்றாள் லொரெய்ன்.

எழில் மலை இறங்கும் வரை சிரித்தாள். "போயிட்டு வரேன்னு சொன்னா ‘எப்போ’ன்னு கேட்ட ஒரே ஆள் உலகத்துலயே இவங்கதான்டா. நான் பாட்டுக்கு லெட்டர் போடறோம்னு சொல்லியிருக்கலாம்."

அத்தோடு முடிந்தது என்று முகிலன் நினைத்தான். இலையுதிர் காலத்தில் போன் வந்தது. "கோ முடிந்து மாசக்கணக்காகிறது. கம் எங்கே?"

எழிலுக்கு அது வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. போனார்கள். எங்களுக்கு வாங்க வசதி கிடையாது, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று சாப்பாட்டு மேஜையில் எழில் ஒப்புக்கொண்டாள்.

"கறி மாட்டைக் கறக்கக் கேட்டாயே, அப்போதே தெரியும்" என்றாள் கிழவி. "வருகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் வருவதில்லை. நீ வருகிறாயா என்று பார்த்தேன்."

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. பண்ணை விற்பனைக்கு என்ற விளம்பரம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எழிலும் லொரெய்னும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். கிழவி இவர்களுக்காகப் பன்றிக்கொழுப்பு போடாமல் மொச்சை வேகவைக்கக் கற்றுக்கொண்டாள். எழில் அதில் வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியைத் தூவக் கற்றுக்கொடுத்தாள்.

பொரி விஷயமும் அப்போது வந்ததுதான். பவானி கூடுதுறையில் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவள் எழில். தண்ணீரில் மீன் இருந்தால் பொரி போடவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மூன்றாவது தடவை போகும்போது ஃப்ரீமாண்ட் கடையிலிருந்து ஒரு பெரிய பாக்கெட் வாங்கிக்கொண்டாள். ஓடை ஓரிடத்தில் திரும்பும். அங்கே ஆல்டர் மரத்தின் வேர் தண்ணீருக்குள் இறங்கி ஒரு குழி. வேரில் உட்கார்ந்து கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

"அது அரிசியா?" என்றாள் லொரெய்ன். "ட்ரௌட் அரிசி தின்னாது, ஹனி. ட்ரௌட் பூச்சி தின்னும்."

"சும்மா இருங்க, பழகினா தின்னும்."

வேருக்கடியிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு மீன் எழும்பியது. முதுகெல்லாம் புள்ளி, தாடை முன்னால் துருத்தியிருந்தது. ஒரு பொரியைக் கவ்வியது. யோசித்தது. துப்பிவிட்டு உள்ளே போனது.

"பாத்தியா அதோட மூஞ்சிய" என்று எழில் முகிலனின் தோளில் அடித்தாள். "எங்க ஊரு மணியக்காரர் இப்டித்தான் பந்தில உக்காந்து பாயசத்த ஒரு வாய் குடிச்சிட்டு வெப்பாரு."

அன்றிலிருந்து அது மணியக்காரர். எப்போது போனாலும் வரும், கவ்வும், துப்பும். கிழவி அந்தக் குழியில் யாரையும் தூண்டில் போட விடுவதில்லை.

தன் பெயரைக் கிழவி சிதைத்தது பற்றியும் எழிலுக்கு வருத்தம் கிடையாது. "மீன் பூச்சிதான் திங்கும்னா, ஈசல்னு எனக்குப் பேர் வெச்சது பொருத்தந்தான். நம்ம ஊர்ல ஈசல வறுத்து பொரியோட கலந்து திம்பாங்க தெரியுமா? இந்த மீனுக்கு பொரி மட்டும் போட்டா எப்படி? பாதி ஐட்டந்தான போடறேன்."

போன வருஷ வசந்தத்துக்கு அவர்கள் போகவில்லை.

ஊரிலிருந்து மாமியார் சாந்தாமணி வீடியோவில் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன புடவை, என்ன பூ, வழியெல்லாம் பொரி இறைக்கவேண்டும். நண்பன் கவின் ஓடிப்போய் எல்லாவற்றையும் வாங்கி வந்தான். ஃப்ரீவேயில் பொரி இறைக்க முடியாது. பாக்கெட் காரின் டிக்கியிலேயே கிடந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் நண்பர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முகிலன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தபோது ஹால் காலியாக இருந்தது. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் போயிருந்தார்கள். முறை அதுதான். அவனே பல வீடுகளில் அப்படி வந்திருக்கிறான். மிச்சமிருந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற அந்தத் தடை எப்போது நீங்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. கவின் வாராவாரம் சாம்பார் கொண்டு வருவான், உட்கார்ந்து மேட்ச் பார்ப்பான், பாதியில் பார்த்தால் இருக்கமாட்டான். ஒரு தடவை கதவருகில் பிடித்து, "டேய், சொல்லிட்டுப் போடா" என்றான் முகிலன். கவின் திருதிருவென்று விழித்தான். "இல்ல மச்சி... வருஷம் திரும்பட்டும்னு அம்மா சொன்னாங்க." வருஷம் திரும்பியது. கவினுக்குப் பழகிவிட்டது.

போன வருஷ அக்டோபரிலும் யாரும் வராததால், கிறிஸ்துமஸுக்கு லொரெய்ன் கூப்பிட்டாள். "ஈசல் எங்கே?"

"குளிச்சிட்டிருக்கா" என்றான் முகிலன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு யோசித்துப் பார்த்தான். மற்ற எல்லோருக்கும் எழில் போய்விட்டவள். பாங்க்குக்குத் தெரியும், லைப்ரரிக்குத் தெரியும், பல் டாக்டருக்குத் தெரியும். அந்த மலையில் மட்டும், அந்தக் கிழவியின் கணக்கில் மட்டும், அவள் வரவேண்டியவளாக இருந்தாள். சொல்லிவிட்டால் அங்கேயும் இருக்கமாட்டாள். அவ்வளவுதான் காரணம்.

சனிக்கிழமை காலை கிளம்பினான். பள்ளத்தாக்கில் பாதாம் தோப்புகள், அப்புறம் ஆலிவ், அப்புறம் தூரத்தில் வெள்ளைத் தலையோடு ஷாஸ்டா மலை. "ஐஸ்கிரீம் தெரியுது!" என்று அந்த வளைவில் எழில் சொல்வாள். வளைவு வந்தது, போனது. போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று ஒரு மைல் தோன்றும். சொல்லாமலேயே இருந்துவிடலாம் என்று அடுத்த மைல் தோன்றும். வேலை இருக்கிறது, வரமுடியவில்லை, வாழ்த்து சொன்னாள். கிழவி கையெழுத்துப் போட்டுவிட்டு ஐடஹோவில் பாய்ஸி ஊருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து எழில் வருவாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். இருந்துவிட்டுப் போகட்டுமே.

இரும்பு கேட் வந்தது. காரை நிறுத்தினான். இறங்கினான், சங்கிலியைக் கழற்றினான், கேட்டைத் தள்ளினான். ஏறினான், உள்ளே விட்டான். இறங்கினான், கேட்டைச் சாத்தினான், சங்கிலியை மாட்டினான். ஏறினான். இத்தனை காரியம் இந்த கேட்டில் இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

லொரெய்ன் வாசலில் பைனாகுலரோடு நின்றிருந்தாள். கைத்தடி புதிது.

"கேட்டை நீயே திறந்தாய்."

"ஆமாம்."

"அவள் எங்கே?"

"வேலை" என்றான். "கடைசி நேரத்தில்."

கிழவி காரின் இன்னொரு இருக்கையை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள்.

பாதி வீடு அட்டைப்பெட்டிகளில் இருந்தது. மான் தலைகளை இறக்கியாகிவிட்டது; சுவரில் வெளிறாத கட்டங்கள். பெரிய கலைமான் மட்டும் இருந்தது. மேஜையில் மூன்று தட்டு. அடுப்பில் மொச்சை, மிளகாய்ப்பொடி வாசனை.

"உட்காராதே. முதலில் அவள் நம்பரைச் சொல்" என்றாள் லொரெய்ன். மலையில் செல்போன் எடுக்காது. சமையலறைச் சுவரில் சுருள் ஒயரோடு பழைய போன். ரிசீவரை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "நேரில் முடியாவிட்டால் போனில் சொல்கிறேன். சொல்லாமல் விற்கமாட்டேன் என்றால் மாட்டேன். அந்தப் பெண் வருகிறேன் என்று சொல்லி வந்தவள்."

"அவள் மீட்டிங்கில் இருப்பாள்."

"சனிக்கிழமையா? பரவாயில்லை, மெசேஜ் வைக்கிறேன். நம்பர்."

சொன்னான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். எழிலின் போன் ஃப்ரீமாண்டில், கட்டிலுக்குப் பக்கத்தில், சார்ஜரில் இருந்தது. தினமும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஆளில்லாத வீட்டில் அது அடிக்கப் போவதை நினைத்தான். கடைசி எண்ணை அவள் அழுத்துவதற்குள் எட்டி போனின் கொக்கியை அமுக்கினான்.

"வேண்டாம்" என்றான். "எழில் இல்லை."

அதை அவன் ஆங்கிலத்தில்தான் சொன்னான். தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டு வந்தது. ‘ஷீ இஸ் நாட்.’

லொரெய்ன் ரிசீவரைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"என்னவாக இல்லை?" என்றாள்.

தமிழில் அது முழு வாக்கியம். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் அது பாதியில் நின்றது. அவன்தான் முடிக்க வேண்டியிருந்தது. தவறிட்டாங்க என்றார்கள் ஊரில். பாஸ்டு அவே என்றார்கள் ஆபீஸில். உங்கள் இழப்பு என்று எழுதினார்கள் கார்டுகளில். எல்லாம் மற்றவர்கள் சொன்னது. அவன் ஒரு தடவைகூட எதையும் சொல்லவில்லை.

"செத்துப்போய்விட்டாள்" என்றான். "போன வருஷம். மார்ச்."

கிழவி ரிசீவரை அதன் இடத்தில் மாட்டினாள். அடுப்பை அணைத்தாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வலைக்கதவு இரண்டு தடவை அடித்து நின்றது. முகிலன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கோபம்.

"கிறிஸ்துமஸுக்கு அவள் குளிக்கிறாள் என்றாய்."

"ஆமாம்."

"இன்றைக்குக் காலையில் மூன்று தட்டு வைத்தேன். பன்றிக்கொழுப்பு இல்லாமல் சமைத்தேன். என்னை ஒரு முட்டாளாக வைத்திருந்திருக்கிறாய், முக்கி."

"நீங்கள் மட்டும்தான் அவளுக்காகக் காத்திருந்தீர்கள்" என்றான். "வேறு யாரும் இல்லை. அதனால்தான்."

லொரெய்ன் அவனையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இடுப்பு வலியில் முனகினாள், அல்லது வேறு எதற்கோ.

"என் புருஷன் போன பிறகு ஒரு வருஷம் அவன் பேருக்கு வேட்டை லைசென்ஸ் புதுப்பித்தேன்" என்றாள் மேஜையைப் பார்த்து. "யாருக்கும் சொன்னதில்லை. உட்கார். ஆறிப்போகும்."

சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டை அவள் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. மிளகாய்ப்பொடி தூக்கலாக இருந்தது. கண்ணில் நீர் வர அது வசதியான காரணம். இரண்டு பேருமே அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"பொரி கொண்டுவந்தாயா?" என்றாள் முடிவில்.

டிக்கியில் இருந்த பாக்கெட் அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிழவியின் நாலுசக்கர மோட்டார் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஓடைக்குப் போனான். ஆல்டர் துளிர்த்திருந்தது. பனி உருகிய தண்ணீர் வேகமாக வந்து, வேர்க்குழியில் மட்டும் நிதானித்துச் சுற்றியது. பாக்கெட்டைப் பிரித்தான். பொரி நமுத்துப்போயிருந்தது. எழில் உட்காருகிற வேரில் உட்காராமல் பக்கத்தில் நின்றான். கை நிறைய அள்ளி இறைத்தான். இறைத்த பிறகு நிறுத்தவில்லை. கரையோரமாக நடந்துகொண்டே, அள்ளி அள்ளி இரண்டு பக்கமும், தண்ணீரிலும் புல்லிலும் இறைத்துக்கொண்டே போனான். ஓடை திரும்புகிற இடம் வரை போய், பாக்கெட்டைக் கவிழ்த்து உதறினான். திரும்பிப் பார்த்தபோது வந்த வழியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வழியெல்லாம் இறைக்கவேண்டும் என்று சாந்தாமணி அத்தை சொன்னது ஒருவழியாக நடந்திருந்தது.

"முக்கி!" லொரெய்ன் கைத்தடியால் குழியைக் காட்டினாள். "வந்துவிட்டான்."

வேருக்கடியிலிருந்து அது எழும்பியது. தாடை இன்னும் நீண்டிருந்தது. ஒரு பொரியைக் கவ்வியது. யோசித்தது. துப்பியது.

"இத்தனை வருஷமாகியும் புத்தி வரவில்லை" என்றாள் கிழவி. "ஒவ்வொரு தடவையும் நம்பிக் கடிக்கிறான்."

முகிலனுக்குச் சிரிப்பு வந்தது. வாயிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே அந்நியமாக இருந்தது. சாயங்கால வெயிலில் தண்ணீருக்கு மேல் சின்னச் சின்ன இறக்கைப் பூச்சிகள் எழும்ப ஆரம்பித்தன. மணியக்காரர் பொரியை விலக்கிக்கொண்டு மேலே வந்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் லொரெய்ன் சுவரைக் காட்டினாள். "அந்தத் தலையை எடுத்துக்கொள். உனக்காகத்தான் இறக்காமல் வைத்தேன். அவளுக்காக."

"அபார்ட்மெண்டில் வைக்க இடமில்லை."

"துணி காயப்போடவாவது உதவும்."

பின்சீட்டை மடக்கி ஏற்றினார்கள். ஒரு கொம்பு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிளம்பவேண்டிய நேரம். முகிலன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ஏதாவது சொல்வான் என்று லொரெய்ன் பார்த்தாள்.

"துக்கம் சொன்ன வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் போகவேண்டும்" என்றான். "எங்கள் வழக்கம். கோபமாகப் போவதாக நினைக்காதீர்கள்."

"ஈசல் இதைச் சொல்லித் தரவில்லையே."

"அவளுக்கு இங்கே தேவைப்படவில்லை."

கிழவி தலையாட்டினாள். "சரி. போ. கேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இறங்கி ஏறவேண்டாம்."

அவள் மோட்டார் வண்டியில் முன்னால் போனாள். மெதுவாக இறங்கி, சங்கிலியைக் கழற்றி, கேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகிலன் நேரே பார்த்தபடி காரை வெளியே விட்டான். சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

காரின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

இத்தனை வருஷமும் பைனாகுலரில் பார்த்திருக்கிறாள். இந்த கேட்டில் கார் போகவேண்டும் என்றால் அதைச் செய்யவேண்டும் என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

முகிலனின் கால் தானாக பிரேக்கில் இறங்கியது. மண் ரோட்டில் தூசி கிளம்பி அடங்கியது. கண்ணாடியை இறக்கி, கொம்புக்குப் பக்கத்தில் தலையை வெளியே நீட்டினான். கிழவி கேட்டுக்கு அந்தப் பக்கம், கையில் சங்கிலியோடு நின்றிருந்தாள்.

"ஐ வில் கோ அண்ட் கம்" என்றான்.

"எப்போது?" என்றாள் லொரெய்ன்.

யோசித்தான். ரொம்ப நாளாக அவன் எதற்கும் தேதி வைத்ததில்லை.

"அக்டோபர். பாய்ஸிக்கு."

"பாய்ஸியில் ஓடை கிடையாது. என் மகளின் அபார்ட்மெண்ட் லாபியில் ஒரு தொட்டி இருக்கிறது. தங்கமீன்."

"தங்கமீன் பொரி தின்னும்" என்றான் முகிலன்.

அவள் சங்கிலியை மாட்டினாள்.